ஃபிரிட்ஜ் இல்லாத பதிப்பு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
மூன்றாவது ஆல்பத்தைப் பற்றி என்னிடம் பேசாதீர்கள்.
லோ டைட் லாண்டரி
மூன்றாவது ஆல்பம் போடவே இல்லை.
ஆக்லாந்தில் எவனோ ஒருத்தன்
ஹெஸ்டரின் குரலுக்கு இஸ்திரி போட்டு
மடித்து வைத்த துணி அது.

தோளில் தபால் பை, காதில் பாட்டு.
டனீடின் மேடுகள் என் முழங்காலுக்கு அத்துப்படி.
வயர்மு ஏன் தாளத்துக்கு இம்மி பிந்தியே
டிரம்மை அடிக்கிறான் என்று கேட்பவர்கள்
ஜூலை மாதம், மழை எதிரே அடிக்கையில்,
பால்மோரல் தெருவில் ஒருதரம் ஏறிப் பார்க்கட்டும்.
இங்கே எல்லாரும் எதற்கும்
மூச்சு வாங்கிக்கொண்டுதான் வந்து சேர்கிறோம்.

நைரியின் பேஸ் கிதாரில் நான்கு தந்தி.
இரண்டை அவள் தொடுவதேயில்லை.
தொடாத அந்த இரண்டும்
எனக்குக் கேட்கும்.
சிரியுங்கள், பரவாயில்லை.

முதல் ஆல்பம்தான் ஆல்பம்.
வாடகை வீட்டுச் சமையலறையில்
நாலு டிராக் கேசட்டில் பதிந்தது.
பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே,
பாட்டுக்கு அடியிலும்,
விடாமல் ஒரு
ம்ம்ம்ம்.
அதற்கு நான் சுருதி என்று பெயர் வைத்தேன்.
எர்த் சரியில்லாத ஒயர் என்றான்
கடைக்காரன் ஸ்ட்ரூவன்.
இருபது வருடம் இந்தச் சண்டை;
கடை இரண்டுமுறை இடம் மாறியது,
நாங்கள் மாறவில்லை.
என் முதல் கல்யாணம் முறிந்ததற்கு
இது காரணமில்லை.
ஆனாலும் அந்த ம்ம்ம் வரும்போதெல்லாம்
ஒலியைக் குறைப்பான் அவன்.
அதையும் கணக்கில் வையுங்கள்.

இப்போது முப்பதாம் ஆண்டுப் பதிப்பு.
கனத்த தட்டு, பளபளக்கும் அட்டை,
நான் கொடுத்ததோ அறுபத்தைந்து டாலர்.
ஊசியை வைத்தேன்.
ஹெஸ்டர் மூச்செடுப்பது கேட்டது,
வயர்முவின் ஸ்டூல் கிறீச்சிடுவது கேட்டது,
ம்ம்ம் இல்லை.
துடைத்துவிட்டார்கள்.
மீனைக் கழுவுகிறேன் பேர்வழி என்று
வாசம் போகக் கழுவி
மீனையும் கழுவிவிட்டார்கள்.

மூன்று நாள் யாரோடும் பேசவில்லை.
நான்காம் நாள்
நார்த் ஈஸ்ட் வேலியில் ஒரு பதிவுத் தபால்.
உறையில் என். பேட்டர்சன்.
கதவைத் திறந்தது அவளேதான்,
நரைத்த முடி, காலில் கம்பளிச் செருப்பு,
கையில் உருளைக்கிழங்கு சீவும் கத்தி.
கையெழுத்து வாங்க வேண்டியவள்
கேட்டே விட்டேன்:
அந்தச் சுருதியை எதில் வாசித்தீர்கள்?

"எந்தச் சுருதி?"

ம்ம்ம்ம் என்றேன்.
வாசற்படியில் நின்று, மழைக்கோட்டோடு,
ஐம்பத்திரண்டு வயதில்.

"ஐயோ, அது ஃபிரிட்ஜ்.
அணைத்துவிட்டுப் பதியலாம் என்றுதான் பார்த்தோம்.
உள்ளே வீட்டுக்காரியின் ஆட்டுக்கறி,
பாதி ஆடு.
கெட்டுப்போனால் வாடகையில் பிடித்துக்கொள்வாள்."
கையெழுத்துப் போட்டாள்.
"இப்போதாவது ஒழிந்ததே" என்றாள்.

மேட்டில் ஏறினேன், இறங்கினேன்.
மூன்று வீட்டுக் கடிதங்களை
மாற்றிப் போட்டிருக்கிறேன், பிறகு தெரிந்தது.
ஸ்ட்ரூவனிடம் சொல்லப்போவதில்லை.
அவனும் தப்பு, நானும் தப்பு,
நைரியும் தப்பு என்றுதான் சொல்வேன்.
பாடியவர்களுக்குப் பாட்டைப் பற்றி
என்ன தெரியும்?

ராத்திரி தட்டைப் போட்டுவிட்டு
சமையலறைக் கதவைத் திறந்துவைத்தேன்.
என் ஃபிரிட்ஜ் பழையது, நன்றாகவே முனகும்.
ஆனால் கால் சுரம் இறக்கம்.
தட்டின் ஓரத்தில் விரலை வைத்து
லேசாக, மிக லேசாக அழுத்தினேன்.
ஹெஸ்டரின் குரல் கனத்து இறங்கியது,
வயர்மு இன்னும் கொஞ்சம் பிந்தினான்,
நைரி வந்து உட்கார்ந்தாள்
ஃபிரிட்ஜின் மேலேயே.

விரல் வலித்தது.
இரண்டாம் பக்கம் முடியும்வரை
எடுக்கவில்லை.