ஐந்து கட்டைக்கு மயிரிழை மேலே

வாசிக்க வேண்டாம் என்று எழுதினேன்.
வயரைச் செருகுங்கள், ஒலியை முழுக்கத் திருப்புங்கள்,
ஒரு நிமிடம் சும்மா இருங்கள்.
அதைப் பதிவு செய்து அனுப்புங்கள்.

கான்சாஸ், சலைனா நகரம், டெல்மர் ஹாட்ச்
இரண்டு நாள் கழித்துப் பதில் போட்டார்:
"முப்பது பேர் விசாரித்தார்கள்.
சும்மா இருக்கச் சொன்னது நீங்கள் ஒருத்திதான்."

அந்த ஒரு நிமிடத்தை
வடக்குப் பின்லாந்தில், கெமியார்வி துணைமின் நிலையத்தில்
இரவுப் பணியில் பதினோரு முறை கேட்டேன்.
ஏழு கட்டைக்குச் சற்றுத் தாழ ஓர் இரைச்சல்.
அமெரிக்கச் சுவர்களுக்குள் மின்சாரம்
நொடிக்கு அறுபது முறை போய்த் திரும்புவதை
அறுபத்து நாலாம் வருடத்துச் செப்புச் சுருள்
ஒட்டுக்கேட்டுச் சொல்கிறது.
பின்னால் ஒரு ஃப்ரிட்ஜ். ஒரு நாய்.
கடைசியில் பொறுக்க மாட்டாமல்
ஆறு கம்பியும் சேர்த்து ஒரே ஒரு தட்டு.
யாரோ கதவு திறந்து "டெல்மர்?" என்றதும்
துண்டிப்பு.

சுருளுக்கு உயிர் இருக்கிறது. அது போதும்.

போதாது. தானம் வந்த மாட்டைத்தான்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது;
இது என் இரண்டு மாதச் சம்பளம்.
கழுத்தின் பின்புறம் காட்டுங்கள் என்றேன்.
வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார்:
தலை சேரும் இடத்தில் ஒரு விரிசல், பழுப்புப் பசை.
நூற்றைம்பது குறையுங்கள் என்றேன்.
"எழுபத்தொன்றில் நானே ஒட்டியது.
அதற்கப்புறம் இரண்டு கல்யாணம் விட்டுப்போயிற்று,
அது விடவில்லை."
நூறு குறைத்தார்.

ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டதற்கு
ஒரு படம் மட்டும் வந்தது:
ஆலங்கட்டி தின்ற கூரை, நீலத் தார்ப்பாய்,
மூலைக்கொரு செங்கல்.

பணம் போனது. நான்கு நாள் ஒரு சொல் இல்லை.
அந்த நான்கு நாளும்
டெல்மர் ஹாட்ச் என்று ஒருவர் பிறக்கவே இல்லை,
சலைனா வரைபடத்தில் ஒரு ஈ எச்சம்,
அந்த நாய்கூட எங்கிருந்தோ திருடிய நாய்.
இல்மோ ஒன்றும் சொல்லவில்லை.
காபி ஊற்றிய விதத்தில் எல்லாம் சொன்னான்.

ஐந்தாம் நாள்: "அட்டைப்பெட்டி கிடைக்கவில்லை.
ஜன்னல் கடைக்காரனிடம் ஒன்று வாங்கினேன்."
சுங்கத் தாளில் 'என்ன மரம்' என்ற கட்டத்தில்
பென்சிலில் மேப்பிள் என்று எழுதி,
கட்டத்துக்கு வெளியே வழிய விட்டிருந்தார்:
உடம்பு ஆல்டர், பயப்பட ஒன்றுமில்லை.

வந்த அன்று வெளியே மைனஸ் இருபத்தேழு.
உறைமேல் ஒட்டிய சீட்டில்:
திறக்காதே. ஒரு நாள் பொறு.
குளிரோடு திறந்தால் வார்னிஷ் வெடிக்கும்.

தெரியும். எனக்குத் தெரியாதா.
மின்மாற்றிகளையே பொறுமையாய்ச் சூடேற்றுகிறவள் நான்.
ஆனாலும் சமையலறைத் தரையில் அது படுத்திருக்க
மூன்று முறை எழுந்து போய்
பூட்டைத் தொட்டுப் பார்த்தேன்.
முதலில் விரலைக் கடித்தது. பிறகு ஈரம்.
விடிகாலையில் வெறும் பூட்டு.

உள்ளே டீசல் வாசனை, ஏதோ தலைமுடிக் களிம்பு,
டெல்மரின் முன்கை அறுபது வருடம் தேய்த்துத் தேய்த்துச்
சிவப்பு போய் மரம் தெரிகிற இடம்.
என் கை அவ்வளவு தூரம் எட்டவில்லை.
புதிதாக ஓர் இடம் தேய வேண்டும்.

செருகினேன். முழுக்கத் திருப்பினேன். சும்மா இருந்தேன்.

அது வேறு சுருதியில் முனகியது.
ஐந்து கட்டைக்கு மயிரிழை மேலே.
இங்கே சுவருக்குள் ஐம்பதுதான்;
என் நிலையத்திலிருந்து, என் கம்பிகள் வழியாக,
நானே அனுப்புகிற ஐம்பது.
ஒரு நிமிடம் பதிவு செய்து அனுப்பினேன்.

"அதுதான் அது. ஆனால் தாழ்ந்து பேசுகிறதே," என்றார்.
"என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை."
கூரை பற்றி எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

கம்பிகள்மேல் கையை வைத்தேன்.
இரைச்சல் சட்டென்று அடங்கியது.
உடம்பு பூமியோடு சேர்ந்தால் அப்படித்தான்,
அதற்குக் கணக்கு இருக்கிறது.

பக்கத்து அறையிலிருந்து இல்மோ கேட்டான்:
ஏன் நிறுத்திவிட்டாய்?