கோடிட்ட இடம்

டோங்காட்டில் குழாய் வறண்டு பதினோராம் நாள்.
டயர் கடை மாடியில் எங்களுக்கு
ஒரு மேஜை,
கேம் ஆடிச் சலித்த பையன் விற்ற கிராபிக்ஸ் கார்டு,
யாரோ முகம் தெரியாதவர்கள் திறந்து வைத்த
சின்ன மொழி மாதிரி ஒன்று.
வாடகை கேட்காது. பூட்டும் இல்லை.
உள்ளே போய்த் திருகாணியைத் திருகலாம்.

சின்ன வேலைதான் என்றாள் காவஷ்னி.
வாட்ஸப்பில் வருவதை அட்டவணையாக்க வேண்டும்.
தெரு, வீட்டு எண், எத்தனை பேர், எத்தனை நாள்,
படுக்கையில் யாரும் உண்டா.
ஐந்து கட்டம். இரு புறமும் நெளிந்த அடைப்புக்குறி.
ஒரு காற்புள்ளி பிசகினாலும்
லாரிக்கார ம்துங்வாவின் போன் திறக்காது.

வந்ததெல்லாம் கட்டத்துக்குள் அடங்குகிற ஜாதியா?
'அமான்சி அவெக்கோ' என்று இரண்டே சொல்.
'மசூதிக்குப் பின்னால், நீல கேட், நாய் கடிக்காது.'
'போன தடவை மாதிரியே எங்களை விட்டுப் போய்விடாதீர்கள்.'
ஒரு கோவெண்டர், நாலு எழுத்துக்கூட்டலில்.
வெறும் கோபம், எண் இல்லாமல்.

முன்னூற்று நாற்பது உதாரணம் நானே தட்டினேன்.
இடப்பக்கம் புலம்பல்
வலப்பக்கம் கட்டம்.
மாதிரியின் பெரிய உடம்பைத் தொடாமல்
ஓரமாய் ஓர் ஒட்டுத்துணி தைப்பதுபோல் பயிற்சி.
மின்சாரம் இரண்டு முறை போனது.
மூன்றாம் இரவு பிழைக்கோடு
இறங்கி இறங்கித் தரையில் படுத்துக்கொண்டது.
நாங்கள் பன்னி சௌ வாங்கிக் கொண்டாடினோம்,
தட்டு கழுவத் தண்ணீர் இல்லாததால்
அது ரொட்டியிலேயே வருவது வசதி.

சனிக்கிழமை ம்துங்வா கூப்பிட்டார்.
'ஸ்டேஷன் தெருவில் நிற்கிறேன்.
பத்தாயிரம் லிட்டர் இருக்கிறது, குடிக்க ஆளில்லை.'

அட்டவணையைத் திறந்தேன்.
அழகு. ஒரு காற்புள்ளி பிசகவில்லை.
தெரு சொல்லாதவர்கள் எல்லோரும் ஸ்டேஷன் தெரு.
தலை எண்ணாதவர் வீட்டிலெல்லாம் நாலு பேர்.
நாலு, நாலு, நாலு,
கீழே இழுக்க இழுக்க நாலு.

என் உதாரணங்களுக்குத் திரும்பினேன்.
ஐம்பத்தெட்டாவது வரி: அவள் எத்தனை பேரென்று சொல்லவில்லை.
நான் போட்டிருக்கிறேன், 4.
நூற்றுப் பன்னிரண்டு: 4.
இருநூற்று ஆறு, தூக்கம் சொக்கிய நேரம்: 4.

கோவில்பட்டியில் எங்கள் வீட்டில் நாங்கள் நாலு பேர்.

கோடிட்ட இடத்தை நிரப்புக என்றால்
தெரியாவிட்டாலும் நிரப்பு, அரை மார்க் விழலாம் என்று
பன்னிரண்டு வருஷம் பரீட்சை எழுதிய கை.
மாதிரி பொய் சொல்லவில்லை.
என் மாதிரிகளைப் பார்த்து
என் மாதிரியே செய்தது.

மறுபடி உட்கார்ந்தேன்.
இம்முறை தெரியாததைத் தெரியாதது என்றே எழுதினேன்.
கணினி அதற்கு வைத்த பெயர் நல்.
தமிழில் வாசித்தால் வேறு அர்த்தம்,
அதை யாரிடமும் சொல்லவில்லை.
கை அரித்தது.
வெற்றுக் கட்டத்தைக் கடந்து
அடுத்த வரிக்குப் போவது
எரியும் அடுப்பை விட்டு வெளியூர் போவதுபோல் இருந்தது.

இப்போது அட்டவணை முழுக்க ஓட்டை.
ம்துங்வா சிரித்தார்: 'ஓட்டைக்கு நான் எந்த கியரில் போவது?'
நியாயம்தான்.
அதனால் ஹ்லெங்கிவே ஒவ்வொரு நல்லுக்கும் போன் போடுகிறாள்.
ஸூலுவில், ஆங்கிலத்தில்,
சில சமயம் என்னிடம் நீட்டி, 'இது உன் ஆள்.'

இன்று விடியற்காலை மூன்று பன்னிரண்டுக்கு ஒரு குரல்செய்தி.
ஏழு நொடி.
பேச்சில்லை.
யாரோ குழாயைத் திருகுகிறார்கள்,
உள்ளே காற்று இருமுகிறது, அவ்வளவுதான்.
மாதிரி ஐந்து கட்டத்தையும் வெறுமையாக விட்டிருந்தது.
பழைய கணக்கென்றால்
ஸ்டேஷன் தெரு, நாலு பேர்.

ஹ்லெங்கிவே இன்னும் வரவில்லை. நானே எண்ணை அழுத்தினேன்.
நெடுநேரம் அடித்தது.
எடுத்ததும்
ஹலோவுக்கு முன்னால் கேட்டது,
தரையில் ஒரு வாளி
நகர்த்தப்படும் சத்தம்.