படகுக்கு அடியில் கோழி

எங்களில் ஒருவர் இறந்தால்
அவர் பொருள்களைக் கொளுத்திவிடுவோம்:
சட்டை, தொப்பி, கட்டில்.
ஒருமுறை, ஓடிக்கொண்டிருந்த ஒரு டிரக்கையும்.
அதன் பிறகு அந்தப் பெயரை யாரும் வாயில் எடுப்பதில்லை.
கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாராம்,
வழி தவறிவிடுமாம்.

ஆற்று விஷயத்தில்தான் எங்களுக்குள் சண்டை.

"மணலாகிப் பதினேழு வருஷம். இன்னும் என்ன?"
என் மச்சான் தோரிபியோ
முற்றத்தில் கவிழ்ந்து கிடந்த படகின் மேல்
மண்ணெண்ணெய் ஊற்றவே போனான்.
அடியில் கோழி அடைகாக்கிறது என்று
தள்ளிப்போட்டாள் அக்கா எனெதினா.
கோழிக்காகத்தான் என்று நாங்களும் நம்பினோம்.

படிவத்தில் இனம் கேட்டால்
குகாபா என்று எழுதுகிறோம்.
ஆற்றுக்காரர்கள்.
ஆறு செத்ததென்றால்
எங்களையே நாங்கள் கூப்பிட்டுக்கொள்ள முடியாது.

பிறகு அந்த மார்ச் மாதம்,
எல்லைக்கு வடக்கே, அணையில் ஒரு கதவைத் திறக்கப்போவதாகச் சொன்னார்கள்.
ஐம்பத்திரண்டு நாள், அப்புறம் மூடிவிடுவார்கள்.
திரும்பிப் போகும் டிக்கெட்டைப் பையில் வைத்துக்கொண்டு
வாசலில் நிற்கும் விருந்தாளி.

தண்ணீர் நடந்துதான் வந்தது.
ஆள் நடப்பதைவிட மெதுவாக,
நுரை மூக்கால் மணலை மோந்து மோந்து,
பீர் டப்பாக்களையும் ஒரு ஒற்றைச் செருப்பையும்
முன்னால் தள்ளிக்கொண்டு.
அதன் முகத்துக்கு முதுகு காட்ட மனமில்லாமல்
பின்பக்கமாகவே நடந்தோம், ஊர் முழுக்க.
சின்னவன் இலாரியோ கேட்டான்:
"இதுக்கு வழி தெரியுமா?"

தோரிபியோ காற்சட்டையோடு அதில் உட்கார்ந்தான்.
பெயரைச் சொன்னான்.
கடன் கேட்பவன் குரலில், ஒரே ஒரு தடவை.
தண்ணீர் திரும்பிப் பார்க்கவில்லை,
அவன் இடுப்பைச் சுற்றிக்கொண்டு கடலைத் தேடிப் போனது.

அன்றிரவு படகை நிமிர்த்தினோம்.
ஓட்டையில் தார் பூசி, தள்ளி, ஏறி,
இரண்டு கூடை மீன்.
விடிந்ததும் கரையில் அதிகாரி.
அனுமதி இருக்கிறதா?
இல்லை.

ஐம்பத்திமூன்றாம் நாள் கணுக்கால்,
அறுபதில் சேறு,
அப்புறம் பழையபடி லாரித் தடம்.

அபராதச் சீட்டு மட்டும் இருக்கிறது.
'குற்றம் நடந்த இடம்' என்ற கட்டத்தில்
நீல மையில், முத்திரையோடு,
ஆற்றின் பெயர்.
எனெதினா அதை இரண்டு தடவை படித்தாள்.
"அரசாங்கமே இருக்குன்னு எழுதிக் குடுத்திருக்கு.
செத்துப்போச்சுன்னு சொல்ல இவன் யாரு?"

சீட்டை மடித்துப் பலகை இடுக்கில் செருகினாள்.
படகு மறுபடி முற்றத்தில், கவிழ்த்தபடி.
கோழி இன்னும் உள்ளே போகவில்லை.
தார் வாடை போகட்டும் என்று காத்திருக்கிறது.