அடியில் வேறு பெயர்

மின்சாரம் போனதும் வேலை தொடங்குகிறது.
பெரம்பூரில் மே மாதம் இருட்டுக்குப் பஞ்சமில்லை.
டியூப்லைட் வெளிச்சத்தில்
பித்தளை நிறம் மாறுவது கண்ணுக்குத் தெரியாது.

கூட்டின் கழுத்தை மட்டும் தீயில் காட்டித் திருப்புகிறேன்.
முதலில் வைக்கோல்,
பிறகு மயிலிறகின் ஓரத்தில் இருக்குமே, அந்த நீலம்.
அதற்கு மேல் ஒரு மூச்சு தாமதித்தால்
பித்தளை களிமண்ணாகிவிடும்.
வாளித் தண்ணீரில் போடுகிறேன்.
சுரீர்.
நான் தாளிக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்
கீழ்வீட்டு ஒலிம்பா டீச்சர்.

அப்பாவின் ரைஃபிளுக்கு இப்போது
எந்தக் கடையிலும் தோட்டா கிடையாது.
கிடைப்பது வேறொரு ரகத்தின் காலிக் கூடுகள்:
கழுத்து நீளம், தோள் அகலம்.
கிளப்பில் பதிவு போட்டு, கையெழுத்திட்டு,
நாற்பது எண்ணி வாங்கி வந்தேன்.

விளக்கெண்ணெய் தொட்டு அச்சில் இறக்க வேண்டும்.
எண்ணெய் கூடினால் தோளில் சொட்டை விழும்.
குறைந்தால் உள்ளேயே இறுகிக்கொண்டு வராது.
லோகோ ஒர்க்ஸில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவர்
இதைப் பற்றி எனக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை.
பீரோவில் பூட்டி வைத்திருந்தார், அவ்வளவுதான்.
கெட்டுப்போன ஆறு கூடுகள்தான் எனக்குச் சொல்லித் தந்தன.
சுண்டினால் நல்லது கணீரென்னும்,
பிளந்தது ஓட்டாஞ்சில்லு மாதிரி சப்பென்று கிடக்கும்.

மிச்சத்தை அளவுக்கு நறுக்கி, பிசிறு எடுத்து,
குத்துவிளக்குக்குப் போடுவதுபோல் புளி போட்டுத் தேய்த்தேன்.
கடற்காற்றுக்கு எப்படியும் மறுபடி கறுக்கும்.
முப்பத்துமூன்று.
ஒன்று குறைகிறது.
பீரோவுக்கு அடியில் உருண்டிருக்கும்,
அதற்கும் கணக்குக் காட்டவேண்டும்.

வேப்பேரியில் உரிமம் புதுப்பிக்கப் போனபோது
நான்காம் மேசைக்காரர் என் காகிதங்களை விசிறிபோல் விரித்தார்.
ரேஷன் கார்டில் பெ. தபித்தாள்.
பாஸ்போர்ட்டில் இனிஷியலே இல்லை.
அப்பா கொடுத்த மனுவில் சா. தபித்தாள்.
"சாலொமோனுக்கு சா-வா?
துப்பாக்கி லைசென்ஸுல 'சா'ன்னா நல்லாவா இருக்கு?"
அவரே சிரித்துக்கொண்டார்.
"பெ யாரு?"
பெனடிக்ட். இப்போது ஓசூரில். வேறு வீடு.
"அப்ப எதுதாம்மா சரி?"
அஃபிடவிட் வேண்டுமாம், நோட்டரி முத்திரையோடு.
மாடிப்படியில் நின்று
பையிலிருந்த கூடு ஒன்றை உருட்டிப் பார்த்தேன்.
உடம்பு முழுக்க அப்பாவின் ரைஃபிளுக்கானது.
அடியில் மட்டும் பழைய ரகத்தின் எண்,
வட்டமாக, ஆழமாக, யாரோ எங்கோ குத்தியது.
சுரண்டலாம். சுரண்டினால் அடி பலவீனமாகும்.

வண்டலூர் தாண்டிய தளத்தில்
ஞாயிறு காலை, ஏழு மணிக்கே வெயில்.
அச்சில் பாதிதான் உருவாகிறது.
மீதியை முதல் வெடிதான் செய்கிறது;
உள்ளேயிருந்து நெருப்பு தள்ள,
தோள் அறையின் சுவரில் போய்ப் படிந்து
தன் வடிவத்தைக் கண்டுகொள்கிறது.
தோளெலும்பில் உதை. காதில் ரீங்காரம்.
தெறித்து விழுந்ததை எடுத்தேன், உள்ளங்கை சுட்டது.
தோள் கூர்மையாக, அழகாக.
அடியில் அதே பழைய எண்,
நடுவில் புதிதாக ஒரு சின்னக் குழி.

முப்பத்துமூன்றையும் பொறுக்கி மேசையில் கொட்டினேன்.
பதிவேட்டுப் பையன் ஒன்றைக் கவிழ்த்துப் படித்து
ரகம் என்ற கட்டத்தில் அதையே எழுதினான்.
இல்லை தம்பி, இது வேறு என்றேன்.
"அடியில போட்டிருக்கே மேடம்."
பேனாவை வாங்கி அடித்தேன்,
மேலே சரியானதை எழுதினேன்.
"திருத்துனா பக்கத்துல
இனிஷியல் போடணும் மேடம்."

பேனா காகிதத்தைத் தொட்டு நின்றது.
மை ஒரு புள்ளியாகப் பரவியது.
பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள்.