எண்ணிக்கை என்கிற கட்டம்

தேர்தல் தேதி அறிவித்த மறுநாளே
பெரம்பூர் சரகத்துத் துப்பாக்கிகள்
ஒவ்வொன்றாக ஸ்டேஷனுக்கு வரத் தொடங்கும்.
நகைக்கடைக்காரரின் ரிவால்வர்.
பேங்க் வாட்ச்மேனின் இரட்டைக் குழல்,
அதன் தோல்வாரில் சாம்பார் வாசனை.
ரசீது எழுதுவது ஸ்டேஷன் ரைட்டராகிய நான்.

நாலாம் நாள் நோரீன் ரெபேரோ வந்தார்,
ரயில்வே டெலிபோனில் முப்பது வருஷம் இருந்தவர்.
போர்வையில் சுற்றிய ரைபிளை
ஷேர் ஆட்டோவில் மடிமேல் குறுக்கே வைத்து வந்திருந்தார்.
"பக்கத்துல இருந்த பையன்
ஹாக்கி மட்டையா ஆன்ட்டின்னு கேட்டான்.
ஆமான்னுட்டேன்."

பிறகு பிஸ்கட் டின்னைத் திறந்தார்.
பதினொரு தோட்டாக்கள்,
ஒவ்வொன்றும் ஒரு சிகரெட் தாளில்,
தாளின் மேல் பென்சில் எழுத்து.
படிவத்தில் எண்ணிக்கை என்று ஒரு கட்டம்.
11 போடப் போனேன்.
"அப்படி எழுதாதீங்க" என்றார்,
"ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல."

லெஸ்டர் ரெபேரோ, கேரேஜ் ஒர்க்ஸ் ஃபிட்டர், போன மாசிவரை உயிரோடு இருந்தவர்.
கடைத் தோட்டாவை நம்பாதவர்.
கம்பெனிக்காரன் மானைப் பார்த்ததில்லை என்பாராம்.
சனிக்கிழமை ராத்திரி சாப்பாட்டு மேசையில்
சௌகார்பேட்டையில் வாங்கிய தங்கத் தராசு.
ஒரு குன்றிமணிக்கு ரெண்டு கிரெயின், சற்றே குறைவு.
"மே மாசத்துலயும் ஃபேனை நிறுத்தணும்.
மருந்து பறக்குமாம்.
நான் மூச்சு விட்டாலும் முறைப்பார்."

கனம் கூடினால் தோளும் தொடையும் கூழாகிப் போகும்,
சமைக்க மிஞ்சாது.
வேகம் கூடினால்
இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் போய்விடும்,
மானுக்கே சேதி தெரியாது,
ரெண்டு மைல் ஓடும்.
நடுவில் எங்கேயோ ஒரு எடை இருக்கிறது,
அதைத்தான் தேடினார்
என்று அந்தம்மா
ட்ரங்க் கால் இணைக்கும் குரலில் சொல்லிக்கொண்டே போனார்.

நான் தாள்களைப் படித்தேன்.
நல்லமலை. புள்ளிமான். எண்பது கஜம். காற்றில்லை.
நல்லமலை. புள்ளிமான். நூற்றிருபது. ஈரப் புல்.
கீழே வருஷம்: 74. 78. 83.

போலீஸ்காரன் வாய் சும்மா இருக்குமா.
"எழுபத்திரண்டுலயே சட்டம் வந்துடுச்சேம்மா."

"வந்துச்சு.
அதுக்கு முன்னாடியே அவர் காட்டுக்குப் போறத விட்டுட்டார்.
மேசையத்தான் விடல."

பதினோராவது தாளில் ஊரில்லை, தூரமில்லை.
சந்தேகம் என்று மட்டும்.
"இதோட செஞ்சது இன்னொண்ணு.
அறுபத்தொம்பது, கிறிஸ்துமஸுக்கு ரெண்டு நாள் முன்ன.
பட்டுச்சு, விழல.
ரத்தம் பாத்துப் பாத்து மூணு மணி நேரம் நடந்தாங்களாம்.
அப்புறம் ரயிலுக்கு நேரமாச்சுன்னு திரும்பிட்டாங்க."

மேசை விளிம்பில் தோட்டாவை உருளவிடாமல்
ஒரு விரலால் பிடித்திருந்தார்.

"மத்த பத்தும் அந்த மானுக்குத்தான்."

வெளியே லாக்கப் பையன் பீடி கேட்டுக் கத்தினான்.
நான் கட்டத்தில் 10+1 என்று எழுதினேன்.
"திருப்பித் தர வேணாம், ரசீதும் வேணாம்" என்று
போர்வையை மட்டும் மடித்துக்கொண்டு போனார்.
இன்ஸ்பெக்டர் சாயங்காலம் பேனாவைத் திறந்து
"இது என்னய்யா கணக்கு?" என்றார்.
போடுங்க சார் என்றேன். போட்டார்.

ராத்திரி ஆயுத அறையைப் பூட்டும் முன்
சீல் வைக்க இன்னொரு முறை எண்ண வேண்டும், அது விதி.
டின்னை மேசையில் கவிழ்க்காமல்
ஒவ்வொன்றாக எடுத்துப் படுக்க வைத்தேன்.
தாள்கள் படபடத்தன.
எழுந்து போய் ஃபேனை அணைத்தேன்.

"யோவ் ரைட்டரு, வேர்க்குதுய்யா"
என்றது பாராவில் இருந்த குரல்.
கொஞ்சம் இரு என்றேன்,
அதுகூட மெதுவாகத்தான்.