மூன்றாம் உப்பு

உப்பு கரையும்.
புத்தளத்து அளங்களில் நின்றவர்களுக்கு
அதைச் சொல்லித்தர வேண்டாம், ஒரு கோடைமழை போதும்.
உருகும் என்றால்தான் சிரிக்கிறார்கள்.
மாலை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி கேட்டாள்:
"உப்பு உருகவா செய்யும், பிள்ளே?"
முந்நூற்றெட்டு டிகிரியில், என்றேன்.
டிக்கெட்டை வாட்ச் வாருக்குள் செருகிக்கொண்டு
தோவாளையில் இறங்கிப் போனாள்.

ஆரல்வாய்மொழிக் கணவாயின் நேர் எதிரே
எங்கள் ஆய்வுக்கூடம்.
சோடியம் நைட்ரேட் அறுபது பங்கு,
வெடியுப்பு நாற்பது.
தனித்தனியே முந்நூறு தாண்டி உருகுகிறவை
சேர்ந்தால் இருநூற்றிருபதிலேயே இளகத் தொடங்கும்.
ஏன் என்றான் தாணுலிங்கம், உலைக்குப் பொறுப்பானவன்.
ஒன்றின் வரிசையை மற்றது கலைத்துவிடுகிறது.
"கல்யாணப் பந்தி மாதிரியாக்கும்."
உவமை சரியில்லை. ஆனாலும் குறித்துவைத்தேன்.

மதிப்பிடுவது எளிது.
இதன் பருமனில் இத்தனை பங்கு,
அதன் பருமனில் இத்தனை,
கூட்டி, எடையை வகுத்தால் அடர்த்தி.
முந்நூறு டிகிரிக்குக் கணினி சொன்னது:
ஒன்று புள்ளி ஒன்பது.
நிக்கல் குண்டை பிளாட்டினக் கம்பியில் கட்டி
உருகலுக்குள் இறக்கினோம்,
அது இழக்கும் எடையை வாசிக்க.
தராசு நிலைகொள்ளவில்லை.

ஆடிக் காற்று.
ஜன்னல் சந்துகளில் நாளிதழ் ஒட்டினோம்.
கதவடியில் சாக்கு.
மின்விசிறியை நிறுத்தி, பேச்சை நிறுத்தி,
மூச்சையும் தோளுக்குப் பின்னால் விட்டோம்.
வெளியே காற்றாலைகள்
யாருக்கோ மின்சாரம் சுற்றிக்கொண்டிருந்தன.
இரவு இரண்டே காலுக்கு
இருபது வினாடி காற்று எதையோ மறந்து நின்றது.
ஒன்று புள்ளி எட்டு ஒன்பது எட்டு.
தாணுலிங்கம் கைதட்டப் போனான்.
மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

பிறகு கால்சியம் நைட்ரேட்,
ஒரு பகல் முழுக்கச் சூடாக்கி ஈரம் போக்கியது.
அடர்த்தி கணக்குக்குப் பணிந்தது.
பாகுநிலை பணியவில்லை.
(அந்தச் சொல்லை மட்டும் அவனுக்கு
விளக்க வேண்டியிருக்கவில்லை.
முந்திரிக்கொத்துக்குக் கருப்பட்டிப் பாகு
அவன் வீட்டில் அவன்தான் காய்ச்சுவான்.)
இருநூறு டிகிரியில்
மடக்கை எடுத்து, பங்கால் பெருக்கி, கூட்டி,
திரும்ப எண்ணாக்கினால் ஆறு.
சுழல்தண்டு சொன்னது பத்தொன்பது.
தண்டை மாற்றினோம். பத்தொன்பது.
உப்பையே மாற்றினோம். இருபது.

இரட்டை மின்சுமை கொண்ட அயனி.
அருகில் வருகிறதையெல்லாம்
இழுத்து நிறுத்திக் கதை கேட்கும்.
தனியே உருக்கி அளக்கலாமென்றால்
உருகுமுன்பே சிதையத் தொடங்கிவிடுகிறது.
ஆக, சூத்திரத்தில் அதன் கட்டத்தில் இருந்தது
யாரும் கண்டிராத ஒரு திரவத்தின் எண்.
நான் போட்டதுதான்.
மார்ச் மாதம், சாப்பாட்டு மணிக்குச் சற்று முன்,
வரைகோட்டைத் தாளின் விளிம்புவரை நீட்டி,
பென்சிலால்.

நாலு மணிக்குக் கரண்ட் போனது,
இத்தனை காற்றாலை சுழலும் ஊரில்.
ஜெனரேட்டர் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது.
தண்டைத் தூக்கும் மோட்டாரும் அதே லைனில்.
இருட்டில் உட்கார்ந்து
உப்பு இறுகுவதைக் கேட்டோம்:
எவர்சில்வர் தட்டில் பொட்டுக்கடலை சிந்துவதுபோல்
சின்னச் சின்ன வெடிப்பு.
"போச்சு இல்லியா, அக்கா?"
போகவில்லை. பிடித்துக்கொண்டது.
திரும்ப உருக்கும்போது மேலிருந்து உருக்க வேண்டும்,
அடியில் தொடங்கினால் விரிய இடமின்றி
மூசையைப் பிளக்கும்.
அவன் டார்ச்சைப் பல்லில் கடித்தபடி
கம்பிச்சுருளை மேலே நகர்த்தத் தொடங்கினான்.

பேராசிரியர் ஜெபமோகன் போனில் சொன்னார்:
ஒரு திருத்தக் கெழு போட்டுச் சரிக்கட்டம்மா.
சரி சார் என்றேன்.
அட்டவணையில் ஆறையும் பத்தொன்பதையும்
பக்கத்தில் பக்கத்தில் எழுதி,
ஆறின் தலையில் ஒரு நட்சத்திரக் குறி வைத்தேன்.
அடிக்குறிப்பை இன்னும் எழுதவில்லை.

காலை பஸ்ஸில் அதே பெண்
தோவாளையில் ஏறினாள்.
"உருகிச்சா?"
உருகிச்சு.
மடியில் ஈரச்சாக்கில் பிச்சி மொட்டு.
மூன்றரைக் கிலோ இருக்குமென்று நினைத்தேன்.
கேட்கவில்லை.