மாதிரி

கூரியர் பையன் டப்பாவைக் காதருகே ஆட்டினான்:
"என்ன சார், மீன் தீனியா?"
மஞ்சள் செதில்கள். எடையே இல்லை.
நூறு கிராம் ஐந்நூற்றுச் சொச்சம்.
பாண்டிச்செல்வி கண்ணில் படுமுன்
விலைச்சீட்டைக் கிழித்து
சட்டைப் பைக்குள் போட்டேன்.

மூடியைத் திறந்ததும்
ஆரப்பாளையம் தீவனக் கடையே வீட்டுக்குள் வந்தது.
தவிடு, எள்ளுப் பிண்ணாக்கு,
அடியில் எங்கோ கொஞ்சம் கோழிக் குழம்பு.
"ஈஸ்ட்டுன்னா பொங்குமே" என்றாள்.
பொங்காது. இது செத்த ஈஸ்ட்.
சூடு காட்டிக் கொன்று, உலர்த்தி, உதிர்த்தது.
செத்த பிறகுதான் ருசியாம்.
"நல்லா இருக்கு கதை" என்று
நாளைய இட்லி மாவைக் கிளறப் போனாள்.
அது உயிரோடு இருந்தது,
சட்டியின் கழுத்துவரை ஏறியிருந்தது.

டப்பாவின் முதுகில் பி-12 என்று போட்டிருந்தது.
இதழினியின் ரத்த ரிப்போர்ட்டில்
சிவப்பு வட்டம் போட்ட அதே எழுத்து, அதே எண்.

இதழினிக்குப் பால் ஆகாது. முட்டையும்.
எட்டாம் மாதம் ஒரு சங்கு பசும்பால்.
உதடு தடித்து, கண் மூடி,
ஏ.வி. பாலத்தில் எதிரே வந்த பஸ்ஸின் ஹார்ன்
எனக்கு இன்னும் அடங்கவில்லை.
பெரியாஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த ஒரு வரியை
லேமினேட் செய்து
பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, வேன்காரருக்கு ஒன்று,
அவள் பைக்குள் ஒன்று.
எனக்கென்ன செலவு, கோர்ட்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடைதானே வைத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து
ஜிகர்தண்டா கடையைக் கண்டால்
என் வலது கை தானாக முறுக்கும் ஆக்ஸிலேட்டரை.
பிள்ளையார் கோயில் பொங்கலுக்கும்
"நெய் ஊத்துனதா?" என்று கேட்டுவிட்டுத்தான்
கையை நீட்டுவாள், மூன்றாம் வகுப்பு.

போன மாதம் பைபாஸ் ரோட்டில்
தோழி ஒருத்திக்குப் பிறந்தநாள். பீட்சா.
பிள்ளைகள் நூல் நூலாக இழுத்தார்கள் சீஸை.
யார் நூல் நீளம் என்பதற்கு
இவள்தான் நடுவர்.

திரும்பும்போது என் முதுகில் கன்னம் வைத்து:
"அப்பா, சீஸ் எது மாதிரி இருக்கும்?"
காளவாசல் சிக்னல், தொண்ணூறு நொடி.
"வெண்ணெய் இருக்குல்ல, அதுல உப்பு..."
"வெண்ணெய் எது மாதிரி?"
"கெட்டித் தயிர்ல..."
பச்சை விழுந்தது. பிழைத்தேன்.

முந்திரி ஒரு கை, இரவே ஊறியது.
நாலு பல் பூண்டு. எலுமிச்சை அரை மூடி.
மஞ்சள் செதில் மூன்று கரண்டி,
பயந்து பயந்து நாலாவது.
கல்தோசையில் தடவி மூடி வைத்தேன்.
ஓரம் முறுகியது, நடுவில் கொப்புளம் வந்தது.
நூல் மட்டும் வரவில்லை.

முதல் தோசை எங்கள் இருவருக்கும்.
"சீஸ் மாதிரி இல்ல" என்றாள், பிள்ளைக்குக் கேட்காமல்.
"கிட்ட வருது" என்றேன்.
"கிட்டன்னா? மேலூர் கிட்டவா, மெட்ராஸ் கிட்டவா?"

பத்திரம், பட்டா, ஜாதிச் சான்று
நாளெல்லாம் கண்ணாடியில் கவிழ்த்து வைக்கிறவன் நான்.
நகலில் முத்திரை மங்கும், கையெழுத்து தடிக்கும்.
எதை எடுத்தாலும்
குறைவதுதான் முதலில் படும் என் கண்ணுக்கு.

இதழினி ஒன்றும் சொல்லாமல் தின்றாள்.
தட்டில் ஒட்டியதை விரலால் வழித்தாள்.
பிறகு அந்த விரலையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.
இரண்டாவது. மூன்றாவது பாதியில் நிறுத்திக் கேட்டாள்:

"அப்பா, கடையில விக்கிற சீஸும்
இது மாதிரியே இருக்குமா?"

"கிட்ட வரும்" என்றேன்.

"மேலூர் கிட்ட" என்றாள் பாண்டிச்செல்வி,
கல்லில் எண்ணெய் விட்டபடி.